விளைச்சலும் கூடுகிறது, இறக்குமதியும் கூடுகிறது: சீன வேளாண்மை உலகச் சந்தையை எப்படி அசைக்கிறது?

உங்கள் கேள்வி பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீனாவின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறும்போது அதன் இறக்குமதியும் கூடவே ஏறுவது எப்படி என்பது முதலாவது. அந்நாடு ஒருநாள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டால் உலக வேளாண் வணிகம் என்னவாகும் என்பது இரண்டாவது. மக்கள்தொகை பெரிது, அதனால் வாங்குகிறார்கள் என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். தானியம், எண்ணெய்வித்து, தீவனப் பொருள்கள் ஆகியவற்றின் வணிகத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து அறிக்கை எழுதிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதில் பாதிகூடச் சரியில்லை. 1978இலும் உலகிலேயே அதிக மக்கள் வாழ்ந்த நாடு சீனாதான். 2022 முதல் அதன் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது. ஆனால் 2024இல் சீனா 10.5 கோடி டன் சோயா இறக்குமதி செய்தது. அதுவரை எந்த ஆண்டும் அவ்வளவு வந்ததில்லை. வாய்களின் எண்ணிக்கையைவிட, எந்தப் பயிரைக் காப்பது, எந்தப் பயிரை விட்டுக்கொடுப்பது என்று பெய்ஜிங் எடுத்த முடிவுகள்தான் உலகச் சந்தையைத் திருப்பியிருக்கின்றன. இந்தப் பதில் முழுவதும் நான் நிறுவ முயல்வது அதைத்தான்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் சீனர். உலகின் விளைநிலத்திலோ சீனாவின் பங்கு பத்தில் ஒன்றைக்கூடத் தொடாது. நீர்வளம் தெற்கே குவிந்திருக்கிறது, தானிய வயல்கள் வடக்கே பெருகியிருக்கின்றன. இந்த இக்கட்டுக்கு நடுவில்தான் 1978இல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 2024இல் முதன்முறையாக 70 கோடி டன்னைத் தாண்டியது. (சீன அரசின் கணக்கில் தானியம் என்பதில் நெல், கோதுமை, மக்காச்சோளத்தோடு சோயாவும் கிழங்குகளும் சேரும்.) இந்த ஏற்றம் வெறும் உரத்தாலும் விதையாலும் மட்டும் வந்ததில்லை. 1978ஆம் ஆண்டின் இறுதியில் ஆன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் என்ற சிற்றூரில் 18 விவசாயிகள் கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள ரகசியமாக ஒப்பந்தம் போட்டார்கள். பிடிபட்டால் சிறை என்று தெரிந்தே அதைச் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள் குடும்பப் பொறுப்பு முறை நாடெங்கும் பரவி, கம்யூன் எனப்பட்ட கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. தான் விளைவித்தது தனக்கு என்று ஆனதும் அதே நிலம் கூடுதலாக விளைந்தது.

இதற்கு அடுத்த திருப்பம் வெளிநாடுகளில் அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பல பத்தாண்டுகளாக விவசாயியிடமிருந்து எடுத்துத் தொழில்துறைக்குக் கொடுத்துவந்த அரசு, 2000த்துக்குப் பிறகு விவசாயிக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2004இல் நெல்லுக்கும் 2006இல் கோதுமைக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை வந்தது. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விவசாய வரி அடியோடு நீக்கப்பட்டது. இளைஞர்கள் கோடிக்கணக்கில் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டதால் கிராமத்தில் கூலி ஏறியிருந்தது. ஒரு ஹெக்டேர்கூட இல்லாத துண்டு நிலத்தில் ஏறிய கூலிக்குப் பயிர் செய்தால் அடக்கவிலை உலக விலையைத் தாண்டிவிடும். அதை ஈடுகட்ட ஆதரவு விலையை உயர்த்த வேண்டும். உயர்த்த உயர்த்த உள்நாட்டு விலைக்கும் துறைமுக விலைக்கும் இடையே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைப் புரிந்துகொள்ளாமல் சீனாவின் இறக்குமதியைப் புரிந்துகொள்ளவே முடியாது.

சோயாவை எடுத்துக்கொள்வோம். அது சீனாவிலேயே தோன்றிய பயிர். 1990களின் நடுப்பகுதிவரை சீனா சோயாவை நிகரமாக ஏற்றுமதி செய்துவந்தது. 1996இல் சீன அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தானியத் தேவையில் 95 சதவீதத்தை உள்நாட்டிலேயே விளைவிப்பது என்று இலக்கு வைத்தது. அதே காலத்தில் வருமானம் உயர்ந்தது, தட்டில் இறைச்சி கூடியது. பன்றிக்கும் கோழிக்கும் புரதத் தீவனம் வேண்டும், அதாவது சோயா பிண்ணாக்கு வேண்டும். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீனாவில் ஒரு ஹெக்டேரில் சோயா ஏறத்தாழ 2 டன்தான் விளைகிறது, மக்காச்சோளம் 6 டன்னுக்கு மேல் விளைகிறது. இப்போது இறக்குமதியாகும் சுமார் 10 கோடி டன் சோயாவை உள்நாட்டிலேயே விளைவிக்க வேண்டுமானால் 5 கோடி ஹெக்டேர் தேவைப்படும். எந்த நிலையிலும் குறையவிடக்கூடாது என்று சீன அரசு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கும் மொத்த விளைநிலமே 180 கோடி மூ, அதாவது 12 கோடி ஹெக்டேர்தான். ஐந்தில் இரண்டு பங்கு நிலத்தை ஒரே பயிருக்குக் கொடுக்க எந்த அரசும் துணியாது. எனவே அரிசியையும் கோதுமையையும் அரணுக்குள் வைத்துக்கொண்டு சோயாவை வெளியே விட்டார்கள். 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது சோயாவுக்கு வெறும் 3 சதவீதச் சுங்கவரி, அளவுக் கட்டுப்பாடு கிடையாது. இன்று உலகில் கப்பலேறும் சோயாவில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த ஒரே நாட்டுக்குப் போகிறது. விளைச்சலும் இறக்குமதியும் சேர்ந்தே ஏறுவதில் முரண் ஏதும் இல்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். நிலம் அதிகம் தேவைப்படும் பயிரை வெளியிலிருந்து வாங்கியதால்தான் மற்றப் பயிர்களுக்கு உள்ளே இடம் கிடைத்தது.

அந்தச் சோயாவுக்கான நிலம் கடலுக்கு அப்பால் உருவாக வேண்டியிருந்தது. பெரும்பகுதி பிரேசிலில் உருவானது. சுண்ணாம்பு இட்டு அமில மண்ணைத் திருத்துவதையும் வெப்பமண்டலத்துக்கேற்ற சோயா ரகங்களையும் பிரேசிலின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா 1970களிலிருந்தே வளர்த்து வைத்திருந்தது. செராடோ என்ற புல்வெளிக் காட்டுநிலம் அதனால் வயலாகத் தொடங்கியிருந்தது. சீனாவின் தேவை அந்த வேகத்தைப் பலமடங்காக்கியது. மாட்டோ க்ரோசோ மாநிலம் உலகின் மிகப் பெரிய சோயா வட்டாரங்களில் ஒன்றானது. சாலைகளும் ஆற்றுத் துறைமுகங்களும் அதைத் தொடர்ந்து வந்தன. இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிரேசில் ஏற்றுமதி செய்யும் சோயாவின் பெரும்பங்கு சீனாவுக்குப் போகிறது என்பது சுங்கப் பதிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அழிந்த காட்டில் எத்தனை ஹெக்டேர் சீனாவின் கணக்கில் சேரும் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் கொஞ்சம் தயங்கியே ஏற்றுக்கொள்ளுங்கள். பல இடங்களில் முதலில் மேய்ச்சலுக்காகக் காடு வெட்டப்படுகிறது, சில ஆண்டுகள் கழித்தே சோயா வருகிறது. சோயா வந்த இடத்திலிருந்து மாட்டுப்பண்ணை இன்னும் உள்ளே நகர்கிறது. காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் அமேசான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தம் செராடோவுக்குப் பொருந்தவில்லை. நான் சூழலியல் படித்தவன் அல்லன். வணிகப் புள்ளிவிவரங்களின் வழியாகப் பார்ப்பவனுக்கு இதற்குமேல் தீர்ப்புச் சொல்லும் தகுதியில்லை.

இறக்குமதியைத் தீர்மானிப்பது பசியைவிட விதிமுறைதான் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு மிகத் தெளிவான சான்று சோளத்தின் (மக்காச்சோளம் அன்று) கதை. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது சீனா மூன்று தானியங்களுக்கு ஆண்டு ஒதுக்கீடு வைத்துக்கொண்டது: கோதுமைக்கு 96.36 லட்சம் டன், மக்காச்சோளத்துக்கு 72 லட்சம் டன், அரிசிக்கு 53.2 லட்சம் டன். ஒதுக்கீட்டுக்குள் வந்தால் வரி 1 சதவீதம், அதைத் தாண்டினால் 65 சதவீதம். வடகிழக்கு மாகாணங்களில் மக்காச்சோளத்தை அரசே கொள்முதல் செய்யும் திட்டம் நடைமுறையில் இருந்தது. கொள்முதல் விலை ஏறி ஏறி 2013 வாக்கில் டன்னுக்கு 2,200 யுவானைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து உலகச் சந்தையில் மக்காச்சோள விலை சரிந்தது. குவாங்டோங்கில் இருக்கும் தீவன ஆலைக்காரரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வடக்கே ஜிலினிலிருந்து வரும் மக்காச்சோளம் விலை அதிகம். வெளிநாட்டு மக்காச்சோளத்துக்கு ஒதுக்கீடு கிடைக்காது. சோளத்துக்கும் பார்லிக்கும் மட்டும் ஒதுக்கீடே இல்லை, வரியும் 2, 3 சதவீதம்தான். மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பில் எலிவளையைத் தேடிக்கொள்ளும். 2012இல் ஒரு லட்சம் டன்னைக்கூட எட்டாத சோள இறக்குமதி 2015இல் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. பார்லியும் அதே ஆண்டு ஒரு கோடி டன்னைத் தாண்டியது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநில விவசாயி அந்த ஆண்டுகளில் சோளம் விதைத்தபோது சீனரின் உணவுப்பழக்கத்தில் ஒரு நிலையான மாற்றம் வந்துவிட்டது என்று நம்பியிருக்கலாம். அப்படி எந்த மாற்றமும் வரவில்லை. ஜிலினின் கொள்முதல் விலைதான் அவருடைய சோளத்துக்கும் விலை வைத்தது. 2016இல் சீனா அந்தக் கொள்முதல் திட்டத்தைக் கைவிட்டு, விலையைச் சந்தைக்கு விட்டு, விவசாயிக்கு நேரடி மானியம் கொடுக்கத் தொடங்கியது. உடனே சோள இறக்குமதி இறங்கியது. பருத்தியிலும் இதுவே நடந்தது. 2011 முதல் சீன அரசு உயர்ந்த விலைக்குப் பருத்தியை வாங்கிக் குவித்தது. ஒரு கட்டத்தில் உலகின் பருத்தி இருப்பில் பாதிக்கு மேல் அதன் கிடங்குகளில் கிடந்தது. பஞ்சுக்கு ஒதுக்கீடு உண்டு, நூலுக்கு இல்லை. எனவே இந்தியா, பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து நூல் போனது. ஆண்டுக்கு 20 லட்சம் டன்னைத் தாண்டிய அந்த ஓட்டத்தில் நூற்பாலைகள் பல கூடுதல் நூற்புக் கதிர்கள் போட்டன. கொள்கை மாறியதும் அவற்றின் கணக்கும் மாறியது. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீனாவின் இறக்குமதி கூடுகிறது என்ற ஒற்றைச் செய்தியை நம்பி முதலீடு செய்து நலிந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எந்த விதியின் இடுக்கில் அந்தத் தேவை பிறந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து பன்றிப்பண்ணை. உலகில் உண்ணப்படும் பன்றி இறைச்சியில் ஏறத்தாழ பாதி சீனாவில் உண்ணப்படுகிறது. 2018 ஆகஸ்டில் லியாவ்னிங் மாகாணத்தின் ஷென்யாங்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. 2018இல் 5.4 கோடி டன்னாக இருந்த பன்றி இறைச்சி உற்பத்தி 2019இல் 4.25 கோடி டன்னுக்கு விழுந்தது. இவை அரசின் புள்ளிவிவரங்கள். உண்மையான இழப்பு இதைவிட அதிகம் என்று தீவனத் தொழிலில் இருந்த பலர் அப்போதே கருதினார்கள், அது முழுதாக நிரூபிக்கப்படவில்லை. 2020இல் இறக்குமதி 40 லட்சம் டன்னைத் தாண்டியது. ஸ்பெயினின் பண்ணைகளுக்கு அது பொற்காலம். ஜெர்மனிக்கோ, 2020 செப்டம்பரில் ஒரு காட்டுப்பன்றியிடம் அதே நோய் தென்பட்டதும் சீனச் சந்தை ஓரிரு நாளில் மூடிக்கொண்டது.

இறைச்சி இறக்குமதி இரண்டு மூன்று ஆண்டுகளில் தணிந்துவிட்டது. ஆழமான மாற்றம் பண்ணையின் அமைப்பில்தான் நடந்தது. வீட்டுப் பின்புறத்தில் நான்கைந்து பன்றி வளர்த்தவர்கள் உணவுக்கழிவைப் போட்டு வளர்த்தார்கள். அந்தக் கழிவு நோயைப் பரப்பும் என்று தடை வந்தது, சிறு வளர்ப்போர் லட்சக்கணக்கில் விலகினார்கள். அவர்களுடைய இடத்தைப் பெருநிறுவனங்கள் பிடித்தன. ஹூபேயின் ஏசோவ் நகரில் 26 மாடிக் கட்டடத்தில் பன்றி வளர்க்கும் பண்ணைகூட எழுந்தது. மாடியில் வளரும் பன்றிக்குக் கழிவு கிடையாது, கணக்குப் பார்த்துக் கலந்த மக்காச்சோளமும் பிண்ணாக்கும்தான். பன்றிகளின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியபோது தீவனத் தேவை அதைவிட மேலே போயிருந்தது. 72 லட்சம் டன் என்ற மக்காச்சோள ஒதுக்கீட்டை அரசே கண்டுகொள்ளாமல் விட்டது. 2021இல் 2.8 கோடி டன் மக்காச்சோளம் வந்திறங்கியது. ஒரு நோயால் நாட்டின் பண்ணை முறையே மாறியது. அந்த மாற்றம் அமெரிக்க, உக்ரைன் மக்காச்சோள விவசாயிகளின் வரவுசெலவில் போய் நின்றது.

வர்த்தகப் போரைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டுவிட்டதால் சுருக்கமாக முடிக்கிறேன். 2018 ஜூலையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. 2017இல் 3.3 கோடி டன்னை நெருங்கிய அமெரிக்க வரத்து 2018இல் சுமார் பாதியாகக் குறைந்தது. பிரேசிலின் வரத்து 5.1 கோடியிலிருந்து 6.6 கோடி டன்னாக உயர்ந்தது. இழப்பை ஈடுகட்ட அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் 2,800 கோடி டாலர்வரை உதவி அறிவிக்க வேண்டியிருந்தது. 2024இல் சீனாவின் சோயா இறக்குமதியில் பிரேசிலின் பங்கு 71 சதவீதம், அமெரிக்காவின் பங்கு 21 சதவீதம். இந்த மாற்றம் முழுவதையும் அந்த வரியின் கணக்கில் எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து. பிரேசில் அதற்கு முன்பே முந்திக்கொண்டிருந்தது, வரி அதை விரைவுபடுத்தியது. எவ்வளவு விரைவுபடுத்தியது என்பதில்தான் பொருளியலாளர்கள் வேறுபடுகிறார்கள்.

நம்பகத்தன்மை குறைந்த பகுதி ஒன்று உண்டு, அது இருப்பு. சீனா தன் தானிய இருப்பை வெளியிடுவதில்லை. அமெரிக்க வேளாண்துறையின் மதிப்பீட்டின்படி உலகக் கோதுமை இருப்பில் ஏறத்தாழ பாதியும் மக்காச்சோள இருப்பில் மூன்றில் இரண்டு பங்கும் சீனாவில் இருக்கின்றன. உலகில் இவ்வளவு கோதுமை கையிருப்பு உண்டு, கவலை வேண்டாம் என்று யாராவது சொன்னால், அதில் பாதி எந்த விலைக்கும் வெளியே வராத சரக்கு என்பதை நினைவில் வையுங்கள். மதிப்பீடும் ஆடக்கூடியது. வேளாண் கணக்கெடுப்புக்குப் பிறகு 2018இல் சீனா தன் கடந்த பத்தாண்டு மக்காச்சோள உற்பத்தியை மேல்நோக்கித் திருத்தியது. உலக இருப்புக் கணக்கே அதனால் திருத்தி எழுதப்பட்டது. 2007-08 உணவு விலை நெருக்கடியில் சீனரின் பசிதான் காரணம் என்று சொல்லப்பட்டதும் தவறு. சோயாவை விட்டுப் பார்த்தால், அப்போது சீனா தானியத்தில் நிகர ஏற்றுமதி நாடாக இருந்தது. உள்நாட்டு விலையைக் காக்க 2008 தொடக்கத்தில் தானிய ஏற்றுமதிக்கு வரி போட்டது, நெருக்கடியில் அதன் பங்கு அந்த அளவில்தான். விற்பதை நிறுத்துவதும் உலகச் சந்தையை ஆட்டும் என்பதற்கு உரம் இன்னொரு சான்று. 2021 அக்டோபரில் யூரியா, பாஸ்பேட் ஏற்றுமதிக்குச் சீனா ஆய்வுச் சான்றைக் கட்டாயமாக்கியதும் பல நாடுகள் உரத்துக்கு அலைந்தன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வாங்குவதைக் குறைக்கும் முயற்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தீவனத்தில் பிண்ணாக்கின் பங்கை 2022இன் 14.5 சதவீதத்திலிருந்து 2025க்குள் 13 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர சீன வேளாண் அமைச்சகம் திட்டம் வகுத்தது. ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் தொழிற்சாலைத் தீவனம் தயாராகும் நாட்டில் இந்த ஒன்றரைச் சதவீதம் என்பது ஏறத்தாழ 45 லட்சம் டன் பிண்ணாக்கு, அதாவது 57 லட்சம் டன் சோயா. மரபணு மாற்றிய மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் 2023 இறுதியில் விதை உற்பத்தி உரிமங்கள் வழங்கப்பட்டன. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மக்காச்சோளத்தில் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. 2023இல் 2.7 கோடி டன்னாக இருந்த இறக்குமதி 2024இல் பாதியாகிவிட்டது. 2022இல் அனுமதி பெற்று, அடுத்த ஆண்டே அங்கே முதலிடத்துக்கு வந்திருந்த பிரேசில் மக்காச்சோளம் வேறு சந்தைகளைத் தேட வேண்டியதாயிற்று. மக்காச்சோளத்தில் இன்னொரு முறையும் இப்படி நடக்கலாம். கோதுமை, பார்லி, சோளம் ஆகியவையும் இதே வகைதான், உள்நாட்டு விலை இறங்கினால் மறுபருவத்திலேயே கப்பல்கள் நின்றுவிடும்.

சோயாவில் அப்படி நடக்காது என்று நினைக்கிறேன். மேலே போட்ட நிலக்கணக்கு மாறவில்லை. விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன்னிலிருந்து 3 டன்னாகவே உயர்ந்தாலும் இறக்குமதியில் சிறுபகுதியைத்தான் குறைக்க முடியும், ஏனென்றால் அங்கே இப்போது சோயா விளையும் பரப்பே சுமார் ஒரு கோடி ஹெக்டேர்தான். ஆனால் ஏறுமுகம் முடிவுக்கு வரும் காலம் நெருங்குகிறது. மக்கள்தொகை குறைகிறது, முதியோர் பெருகுகிறார்கள், பன்றி இறைச்சி நுகர்வு இனி பழைய வேகத்தில் கூடாது. மேலும் பத்து ஆண்டுகளுக்குச் சீனா இதே அளவில் வாங்கினாலும், கூடுதலாக வாங்கும் என்ற நம்பிக்கையில் பிரேசிலில் திறக்கப்படும் புதிய நிலத்துக்குச் சந்தை எங்கே என்ற கேள்வி எழும். அந்த நிலையில் விலை நெடுங்காலம் தாழ்ந்தே இருக்கலாம் என்பது என் கணிப்பு. இது கணிப்பு மட்டுமே. இன்னொரு நோயோ வறட்சியோ வரிச்சண்டையோ இதைத் தலைகீழாக்கிவிடலாம்.

தொடர்ந்து கவனிக்க விரும்பினால் மூன்றைப் பார்த்தால் போதும். 2004 முதல் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் வேளாண்மையைப் பற்றி வெளிவரும் முதல் எண் ஆவணம், எந்தப் பயிருக்கு இனி ஆதரவு என்பதைச் சொல்லிவிடும். சீனாவின் தாலியன் முன்பேரச் சந்தையின் மக்காச்சோள விலைக்கும் துறைமுகத்தில் இறங்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள இடைவெளி, அடுத்த சில மாதங்களில் எது கப்பலேறும் என்பதைக் காட்டும். மூன்றாவது, தாய்ப்பன்றிகளின் எண்ணிக்கை. 2024இல் அரசு இதற்கான இலக்கை 4.1 கோடியிலிருந்து 3.9 கோடியாகக் குறைத்தது. சினைக்காலம் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு, குட்டி வளர்ந்து விற்பனைக்கு வர இன்னும் ஆறு மாதம். எனவே இன்று தாய்ப்பன்றி குறைந்தால், ஓராண்டுக்குள் பிண்ணாக்குத் தேவையும் அதன்பின் பிரேசில் துறைமுகங்களில் ஏற்றுமதி விலையும் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.